ஞானம் கேட்டு ஜெபித்தாயிற்று, அடுத்து என்ன செய்வது?

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகைதான் வரும். ஒன்று சுகம்: சர்க்கரை, முட்டுவலி, ஆபரேஷன். மற்றது, "ஒரு முடிவு எடுக்கணும், ஆண்டவர் ஞானம் தரணும்னு ஜெபிங்க." முதல் வகைக்கு ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். இரண்டாவது வகைக்கு மட்டும் ஜெபித்த கையோடு சும்மா உட்கார்ந்துவிடுகிறோம். ஏதாவது ஒரு அடையாளம் வரும், கனவு வரும், யாராவது தீர்க்கதரிசனம் சொல்லுவார்கள் என்று காத்திருக்கிறோம். கடைசி நாளில் யார் அதிகமாக நெருக்குகிறார்களோ அவர்கள் சொல்படி நடக்கிறது.

நான் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பெண்கள் வேத பாடம் நடக்கிறது. வேலைக்குப் போகட்டுமா, வீட்டை விற்கட்டுமா, இந்தச் சம்பந்தம் சரிவருமா என்று யாராவது கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழியை அப்படியே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, பைபிள், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும்.

முதல் வேலை, விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் பாதிப் பேர் இதில்தான் திணறுகிறார்கள். கூட்டத்துக்கு வரும் தங்கச்சி ஒருத்தி, "குடும்பத்துல சமாதானம் வேணும்னு ஜெபிங்கக்கா" என்றாள். என்ன சமாதானம், யாரோடு என்று கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. அவள் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் லோடு ஆட்டோ எடுக்கக் கடன் போடுகிறார். இவளுக்கு மாதச் சம்பளம் வருகிறது, அதனால் "மைனி, ஒரே ஒரு கையெழுத்து" என்று நிற்கிறார். வீட்டுக்காரருக்கு மறுக்க வாய் வரவில்லை. நோட்டில் எழுதச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குள் கொழுந்தனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?" எழுதியதும் அவளே, "இதுக்குப்போய் சமாதானம்னு சொல்லிட்டேனே" என்று சிரித்துவிட்டாள். எதற்கு ஞானம் வேண்டும் என்று நமக்கே தெரியாவிட்டால், வந்த ஞானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வாக்கியத்தின் கீழே நாள், தொகை, யார் யார் சம்பந்தப்பட்டவர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உள்ளூர எதில் ஆசை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இதை வேறு யாரும் வாசிக்கப்போவதில்லை.

அப்புறம் ஜெபம். யாக்கோபு 1:5 நமக்கெல்லாம் மனப்பாடம்: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." இதில் எனக்குப் பிடித்தது "கடிந்துகொள்ளாதவர்" என்ற இடம். இவ்வளவு வயதாகியும் இதுகூடத் தெரியவில்லையா என்று அவர் கேட்கமாட்டார். அதனால் சின்ன விஷயத்துக்கும் கேட்கலாம். ஆனால் மூன்று வசனம் தள்ளி அதே அதிகாரத்தில் இருமனமுள்ளவனைப் பற்றியும் யாக்கோபு சொல்லுகிறார். ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டு, மேலே ஆண்டவருடைய முத்திரையை மட்டும் கேட்டு வருகிறவரும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான் என்பது என் எண்ணம். கடன் சங்கத்தில் இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள், பதிலைக் காதில் வாங்கமாட்டார்கள்.

என்ன கேட்கவேண்டும் என்பதற்கு சாலொமோன் ராஜாவைப் பாருங்கள். கிபியோனில் சொப்பனத்தில், "நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்" என்று தேவன் சொன்னபோது, அவர் எந்த வழக்குக்கும் தீர்ப்பு கேட்கவில்லை. நன்மை தீமை இன்னதென்று வகையறுக்க ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டார் (1 இராஜாக்கள் 3:9). விடை வேறு, விடையைக் கண்டுபிடிக்கும் மனசு வேறு. "கையெழுத்துப் போடவா வேண்டாமா, சொல்லும்" என்று ஜெபிப்பதைவிட, "இதில் நான் பார்க்காமல் விடுவது என்ன, காட்டும்" என்று ஜெபித்துப் பாருங்கள். அப்படி ஜெபித்தவர் எழுந்து போய்ப் பார்க்கவேண்டியிருக்கும், அதுதான் இதில் உள்ள சிரமம்.

அடுத்தது வாசிப்பு. இங்கே நம் ஜனங்களிடம் இரண்டு பழக்கம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைப்பது ஒன்று. டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் எடுத்த, ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுவதும் எல்லாக் கேள்விக்கும் விடையாக்குவது இன்னொன்று. அட்டையை நான் குறை சொல்லவில்லை, என் பீரோ கதவிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஆறுதலுக்கு வந்த வசனத்தை வைத்து நிலப் பத்திரத்தைச் சரிபார்க்க முடியாது.

அதற்குப் பதில் நீதிமொழிகளுக்குப் போங்கள். 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிப்பது பலருக்கும் பழக்கம். 30 நாள் மாதமானால் கடைசி இரண்டையும் சேர்த்து வாசித்துவிடலாம். அது நல்ல பழக்கம்தான், ஆனால் புத்தகத்தின் அமைப்பு தெரிந்தால் இன்னும் பிரயோஜனம். முதல் 9 அதிகாரமும் தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீளமான பேச்சு. 10-லிருந்து ஒற்றை வரி நீதிமொழிகள் தொடங்குகின்றன, முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று இல்லை. 22-ஆம் அதிகாரத்தின் 17-ஆம் வசனத்திலிருந்து 24 வரை "ஞானிகளின் வார்த்தைகள்". இந்தப் பகுதிக்கும் எகிப்தில் கிடைத்த ஆமெனெமோப்பே என்பவரின் பழைய போதனைகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு என்று வேத அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். 25 முதல் 29 வரை எசேக்கியா ராஜாவின் மனுஷர் பெயர்த்தெழுதியவை. 30 ஆகூருடையது. 31 லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தி, அதை அடுத்து குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய 22 வசனம். அந்த 22-ம் எபிரெய எழுத்து வரிசையில் தொடங்குகின்றன. கல்யாண வீட்டில் வாசிக்கப்படும் பகுதி அதுதான்.

தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிக்கும்போதே, உங்கள் வாக்கியத்தைத் தொடும் வசனங்களை மட்டும் நோட்டில் ஒரே பக்கத்தில் சேருங்கள். அந்தத் தங்கச்சி அவசரத்தில் இருந்ததால் நாங்கள் இருவரும் ஒரே சாயங்காலம் உட்கார்ந்து, பிணைப்படுவதை, அதாவது ஜாமீன் நிற்பதைப் பற்றி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினோம். 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27, 27:13. ஆறு இடம்! 22:27-ஐ அவள் சத்தமாக வாசித்தாள்: "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே." வாசித்துவிட்டு என் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இது பயமுறுத்தலுக்குச் சொன்னதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். நோட்டீஸ் வந்த பிறகு அந்த "சும்மா"வைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். எதிர்ப்பக்கத்தையும் தேடுங்கள். அதே புத்தகத்தில் 3:27 இருக்கிறது: "நன்மைசெய்யும்படி உனக்குத் திராணியிருக்கும்போது, அதைச் செய்யத்தக்கவர்களுக்குச் செய்யாமல் இராதே." 19:17-ம் இருக்கிறது: "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான்." பக்கத்து வீட்டு கத்தோலிக்க அக்காவிடமிருந்து திருவிவிலியத்தை வாங்கி சீராக் 29-ஐயும் பார்த்தோம். நம் புராட்டஸ்டன்ட் பைபிளில் அந்தப் புத்தகம் கிடையாது, ஆனாலும் வாசிக்கத் தடையில்லை. அதில், நல்லவர் தம் அயலாருக்குப் பிணை நிற்பார் என்றே இருக்கிறது. பிறகு பிணை நின்று அழிந்தவர்களையும் சொல்லி, இயன்றவரை உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று முடிகிறது. இப்போது கேள்வியே மாறிவிட்டது பாருங்கள். கையெழுத்தா இல்லையா என்பது போய், எவ்வளவு இயலும் என்பது வந்துவிட்டது.

நீதிமொழிகளுக்குள்ளேயே எதிர்எதிராக நிற்கும் வசனங்களும் உண்டு. 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, அடுத்த வசனமே மறுஉத்தரவு கொடு என்கிறது. யாரோ கவனக்குறைவாகச் சேர்த்துவிட்டதாக நினைக்கவேண்டாம், வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த மூடன், எந்த நேரம் என்று பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீதிமொழி என்பது உலகம் பொதுவாக நடக்கும் விதத்தைச் சொல்லுவது, ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் இல்லை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற 22:6-ஐ வைத்து, பிள்ளை வழிதவறிய தாய்மாரைக் குத்திக்காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்படிப்பட்டவர்கள் யோபு புத்தகத்தை வாசிக்கட்டும். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருப்பாய் என்று நியாயம் பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்ததும் அவர்கள் மேல்தான்.

சரி, வசனம் சேர்ந்துவிட்டது. இனி எதிர்த்தரப்பைக் கேட்கவேண்டும். நீதிமொழிகள் 18:17 சொல்லுகிறது: "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்." திரும்பவும் சாலொமோன். இரண்டு ஸ்திரீகளும் ஒரு குழந்தையும் என்றால் குழந்தையை இரண்டாகப் பிளக்க அவர் கொண்டுவரச் சொன்ன பட்டயம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பட்டயத்துக்கு முந்தின வசனத்தை யாரும் கவனிப்பதில்லை. 1 இராஜாக்கள் 3:23-ல் ராஜா வேறொன்றும் செய்யவில்லை. உயிரோடிருக்கிறது என் பிள்ளை, செத்தது உன் பிள்ளை என்று இவள் சொல்லுகிறாள். அப்படியல்ல, செத்தது உன் பிள்ளை, உயிரோடிருக்கிறது என் பிள்ளை என்று அவள் சொல்லுகிறாள் என்று, இருவரும் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுகிறார். தேவனிடத்திலிருந்து ஞானம் பெற்ற மனுஷன் முதல் வழக்கில் செய்த முதல் காரியம், கேட்டதைச் சரியாகத் திருப்பிச் சொன்னதுதான்.

இதை வீட்டில் செய்துபாருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும், "நீங்க சொல்றது இதுதானே?" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டும்வரை உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள். தங்கச்சியும் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொழுந்தன் வீட்டுக்குப் போனார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்கள். மாதத் தவணை எவ்வளவு? லோடு யார் தருகிறார்கள்? முன்பணம் கையில் இருக்கிறதா? ஒரு டைல்ஸ் கடைக்காரர் லோடு தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார். முன்பணத்தையும் இன்னொருவரிடம் கைமாற்றாக வாங்கப்போகிறார். அதோடு, அவர் இப்போது ஓட்டும் வண்டி முதலாளியுடையது, அந்த வேலை தீபாவளியோடு முடிகிறது, அந்த பயத்தில்தான் அவசரப்படுகிறார் என்பதும் தெரிந்தது. போகாமல் இருந்திருந்தால் அவர் பேராசைக்காரர் என்றே இவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆலோசனை கேட்பது அடுத்தது. "அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" என்று நீதிமொழிகள் 11:14-ல் இருக்கிறது என்பதற்காகச் சபை முழுவதிடமும் கேட்டுவிடாதீர்கள். பிறகு அது ஆலோசனையாக இருக்காது, அசனத்தில், அதாவது சபை விருந்தில், பந்திக்குப் பந்தி பரிமாறும் செய்தியாகிவிடும். இரண்டு மூன்று பேர் போதும். சீராக் 37 இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது: வாங்குகிறவரிடம் விற்பதைப் பற்றிக் கேட்காதே, கோழையிடம் போரைப் பற்றிக் கேட்காதே. அதாவது, உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடைகிறவரிடம் கேட்கவேண்டாம். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், உங்களைத் தெரிந்த ஒருவர், உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படாத ஒருவர் என்று பாருங்கள். மூன்று தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தால் உங்கள் பாக்கியம்.

சேகர ஐயரிடம், அதாவது நம் சபைப் போதகரிடம், கேட்பது நல்லதுதான், ஜெபிப்பார், வேத வழியும் காட்டுவார். ஆனால் லோடு ஆட்டோ டீசல் போக என்ன மிஞ்சும் என்பதை லோடு ஆட்டோ ஓட்டுகிறவரிடம்தான் கேட்கவேண்டும், அவர் கோவிலுக்கு வருகிறவராக இல்லாவிட்டாலும். யாத்திராகமம் 18-ல் மோசேக்குப் புத்தி சொன்னது மீதியான் தேசத்து ஆசாரியனாகிய அவருடைய மாமனார் எத்திரோ. காலைமுதல் சாயங்காலம்வரை மருமகன் ஒருவரே உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். தேவனோடு பேசின மோசே அதைக் கேட்டு, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைத்தார். இதற்கு நேர் எதிர் சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா. பாரத்தைக் குறைக்கும்படி ஜனங்கள் வந்து கேட்டார்கள். முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் கேட்டார். என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைவிடப் பருமன் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பத்துக் கோத்திரம் கையைவிட்டுப் போனது.

நேரம் பார்ப்பதையும் ஞானத்தோடுதான் சேர்க்கவேண்டும். அதற்கு அபிகாயில் (1 சாமுவேல் 25). புருஷன் நாபால் தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டான். தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். செய்தி கேட்டதும் அபிகாயில் தாமதிக்கவில்லை. இருநூறு அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு, திராட்சைவற்றல், அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு எதிரே போனாள். அங்கே வேகம். வீட்டுக்குத் திரும்பினால் நாபால் ராஜவிருந்து நடத்தி வெறித்திருக்கிறான். பொழுது விடியுமட்டும் அவள் ஒன்றையும் அவனுக்கு அறிவிக்கவில்லை. ஒரே நாளில் ஒருவரிடம் ஓடினாள், ஒருவரிடம் பொறுத்தாள். குடித்திருப்பவரிடமும், பசித்திருப்பவரிடமும், வேலை முடிந்து அப்போதுதான் பைக்கை நிறுத்தியவரிடமும் பெரிய விஷயம் பேசவேண்டாம் என்று எங்கள் கூட்டத்துப் பெண்களுக்கு நான் சொல்லுவது இதை வைத்துத்தான். உடனே பதில் வேண்டும் என்று யாராவது நெருக்கினால், ஒரு இராத்திரி கேளுங்கள். அந்த இராத்திரியைத் தர மறுத்தால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு ஒன்று உருவானதும் யாக்கோபு 3:17-ஐ வைத்துப் பரிசோதியுங்கள். பரத்திலிருந்து வரும் ஞானம் முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், நற்கனிகள், பட்சபாதமின்மை, மாயமற்ற தன்மை. எனக்கு இதில் இரண்டு கேள்வி போதும். இந்த முடிவின் காரணத்தைச் சம்பந்தப்பட்ட எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரி சொல்ல முடியுமா? என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதையேதான் செய்வேனா? தங்கச்சி இரண்டாவது கேள்வியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள். பிறகு, "தம்பிக்கும் போடமாட்டேன்க்கா, ஆனா தம்பிக்குன்னா கையில் இருக்கிறதைக் குடுத்திருப்பேன்" என்றாள். அப்படியானால் கொழுந்தனுக்கும் அதையே செய் என்றேன். திரும்பி வராவிட்டாலும் வீட்டைப் பாதிக்காத ஒரு தொகையை, கடனாக அல்ல, முன்பணத்துக்கு உதவியாகவே கொடுப்பது, ஜாமீன் போடுவதில்லை என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, முடிவைச் சொல்லும் விதம். "கர்த்தர் எனக்குக் காட்டிட்டார்", "ஆண்டவர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும் தேவனோடு வாதாடுவதாக ஆகிவிடும், வாயடைத்துப்போவார். நாளைக்கு உங்கள் முடிவில் பிசகு தெரிந்தால் பழி யார்மேல் விழும் என்பதையும் யோசியுங்கள். நாங்கள் யோசித்தோம், ஜெபித்தோம், இப்படித் தீர்மானித்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். தங்கச்சி வியாழக்கிழமை சாயங்காலம் கொழுந்தனைக் கூப்பிட்டு, "தம்பி, ஜாமீன் போட எங்களால முடியாது, தவணை நின்னா எங்க சம்பளத்துல தாங்காது. இந்தப் பணத்தை முன்பணத்துக்கு வச்சுக்கோங்க, திருப்பித் தரவேண்டாம். டைல்ஸ் கடைக்காரர்கிட்ட லோடு விஷயத்தை எழுத்துல வாங்கப் பாருங்க" என்று சொன்னாளாம். கொழுந்தன் அதை மறுத்துப் பேச இடம் இருந்தது. பேசவும் செய்தார், காபி ஆறிப்போகும்வரை.